எழுபத்தெட்டாம் பாகையில் ஒரு பாடம்

சங்ககிரியிலிருந்து சேலம் நோக்கி வரும் ஒவ்வொரு லாரியும் வழியில் ஒரு கோட்டைக் கடக்கிறது. அவ்விடத்தில் சுங்கச்சாவடி இல்லை, எல்லைக்கல் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. சாலையின் இருபுறமும் தென்னையும் மரவள்ளியும் நிலக்கடலையும் விளையும் காடுகள், இடையிடையே விசைத்தறிகளின் ஓசை, தொலைவில் சேர்வராயன் மலையின் நீல விளிம்பு. ஓட்டுநருக்குத் தெரியாமலே அவருடைய வண்டி கிழக்குத் தீர்க்கக்கோடு 78 பாகையைத் தாண்டிவிடுகிறது. அக்கோட்டுக்கு மேற்கே மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்கள் நிற்கின்றன. கிழக்கே ஓமலூர், சேலம், இராசிபுரம், நாமக்கல் ஆகியவை அமைந்துள்ளன. மாவட்ட எல்லைகள் மாறலாம். 1997இல் சேலத்திலிருந்து நாமக்கல் பிரிந்தது போலப் புதியன தோன்றலாம். இக்கோடு மட்டும் இடம் மாறுவதில்லை.

இக்கோட்டின் இருமருங்கிலும் பயிலும் மாணவர்கள் புவியியல் வகுப்பில் ‘வரைபடக் கோட்டுச்சட்டங்கள்’ என்னும் பாடத்தைச் சந்திக்கின்றனர். உருளை, கூம்பு, உச்சி என மூவகை; ஒவ்வொன்றுக்கும் பண்புகள், நிறைகள், குறைகள். கவராயமும் அளவுகோலும் கொண்டு ஒரு கட்டம் வரைந்து, மதிப்பெண் பெற்றவுடன் பாடம் முடிந்துவிடுகிறது. எதற்காக வரைந்தோம் என்னும் வினா பெரும்பாலும் எழுவதே இல்லை. கணக்குக்கு அஞ்சுவோர் இப்பாடத்தைத் தவிர்க்கின்றனர். அஞ்சாதோர் மனப்பாடம் செய்கின்றனர். இவ்விரு தரப்பினரும் வகுப்பைவிட்டு வெளியேறிய மறுகணமே, அதே பாடத்தின் மேல் இயங்கும் வரைபடத்தைக் கைப்பேசியில் திறந்து பேருந்து எங்கே வருகிறது என்று பார்க்கின்றனர். பாடத்துக்கும் வாழ்வுக்கும் இடையே இவ்வளவு குறுகிய தூரம் இருந்தும் அதனைக் கடக்காமல் விடுவது பெரும் இழப்பாகும். கோட்டுச்சட்டப் பாடம் நூலின் அட்டவணையில் தொடங்கக் கூடாது. மாணவர் நிற்கும் நிலத்திலேயே அது தொடங்க வேண்டும். அதற்குச் சேலம், நாமக்கல் சமவெளியைப் போல வாய்ப்பான இடம் அரிது.

சங்கிலியும் முக்கோணமும்

1792ஆம் ஆண்டு திருவரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின், பாராமகாலும் சேலமும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. அவற்றின் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர்களுள் ஒருவரான தாமஸ் மன்றோவும் புலம் புலமாக நிலத்தை அளந்து வரி விதிக்க முற்பட்டனர். பிற்காலத்தில் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய இரயத்துவாரி முறைக்கு வித்திட்டது இந்த அளவீடே. வரியின் சுமை உழவரின் தோளில் எவ்வாறு இறங்கியது என்பது தனியே பேசப்பட வேண்டிய பெருங்கதை. இங்கே நோக்கத்தக்கது அளந்த முறை ஒன்றே. வயலை அளப்பவர் பூமியின் உருண்டை வடிவைப் பற்றிச் சிறிதும் கவலைப்படுவதில்லை. நில அளவர் சங்கிலியை இழுக்கிறார். மூலைக்கு மூலை கோடு கிழிக்கிறார். முக்கோணங்களாகப் பிரித்துப் பரப்பைக் கணிக்கிறார். 66 அடி நீளமுள்ள கண்டர் சங்கிலியில் பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் ஆகும். இன்றும் பட்டாவுடன் இணைந்து வரும் புலப்படம் இந்த மரபின் வாரிசே. அதில் அட்சக்கோடும் இல்லை, தீர்க்கக்கோடும் இல்லை. அவ்வயலுக்கு உலகம் தட்டையானது. அவ்வாறு கொள்வதில் பிழையேதும் இல்லை.

மன்றோ இப்பகுதியை விட்டு நீங்கியது 1799இல். அதன்பின் மூன்றாண்டுகள் கூட நிறைவடையாத நிலையில், 1802 ஏப்ரல் 10ஆம் நாள், சென்னையில் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே வேறொரு சங்கிலி விரிக்கப்பட்டது. வில்லியம் லாம்டன் என்னும் அளவையாளர் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை மிக நுட்பமாக அளந்தார். அவர் தேடியது எவருடைய வயலின் பரப்பையும் அன்று, பூமியின் வடிவத்தை. அந்த அடிக்கோட்டிலிருந்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாகக் கட்டிச் சென்றார். பின்னர் 78ஆம் பாகையை ஒட்டித் தெற்கே குமரிமுனை வரையிலும் வடக்கே நடு இந்தியா நோக்கியும் நீண்ட அந்த அளவீடு ‘பெரும் வில்’ எனப் பெயர் பெற்றது. குன்றுகள் இல்லாத இடங்களில் கோயில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்ற நேர்ந்தது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி மோதிச் சிதைந்தது. லாம்டன் அதனைத் தாமே சீர்செய்து, பணியைத் தொடர்ந்தார். 1823இல் இன்றைய மகாராட்டிரத்தின் இங்கன்காட்டில் அவர் இறந்தபோதும் வில் முற்றுப்பெறவில்லை. அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட், இவ்வளவீட்டின் துணையுடன் 1830இல் வகுத்த பூமியின் வடிவக் கணக்கே இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்களுக்கு நெடுங்காலம் அடித்தளமாக விளங்கியது.

ஒரே தலைமுறைக்குள் அடுத்தடுத்து நிகழ்ந்த இவ்விரண்டு அளவீடுகளுக்கும் இடையில்தான் கோட்டுச்சட்டப் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தனி வயல் தட்டையானது. வயல்களைச் சேர்த்து வட்டமாக்கி, வட்டங்களைச் சேர்த்து மாவட்டமாக்கி, மாவட்டங்களைச் சேர்த்து நாடாக்கும்போது எங்கோ ஓரிடத்தில் பூமியின் வளைவு குறுக்கிடுகிறது. எவ்விடத்தில் என்பதை மாணவர் கணக்கிட்டே காணலாம்.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட நேர்த்தூரத்தை 50 கிலோமீட்டர் என்று கொள்வோர், பூமியின் மேற்பரப்பை ஒட்டிய வில்லுக்கும் மண்ணைத் துளைத்துச் செல்லும் நேர்கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டால் 13 சென்டிமீட்டர் அளவே கிடைக்கும். ஒரு சாணுக்கும் குறைவு. அவ்வளவுதானா என்று மாணவர் சலிப்படையலாம். உடனே அடுத்த கணக்கைத் தர வேண்டும். சேலத்தில் கிடைமட்டமாக நீட்டிய பார்வைக்கோட்டுக்கும் 50 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தரைக்கும் இடையே வளைவினால் ஏற்படும் இறக்கம் ஏறத்தாழ 196 மீட்டர். காற்றில் ஒளி வளைவதால் இது சற்றே குறையும். நாமக்கல் கோட்டைப் பாறையின் உயரமோ ஏறத்தாழ 65 மீட்டர். இடையில் குன்றும் மரமும் இல்லாத, கடல்போல் சமமான தரை இருப்பதாகக் கொண்டாலும், தரையில் நிற்பவர் கண்ணுக்கு அப்பாறை தோன்றாது. ஓரி ஆண்ட கொல்லிமலையோ ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்பதால் தொலைவிலிருந்தும் தோன்றும். நீளத்தில் 13 சென்டிமீட்டரும் உயரத்தில் 196 மீட்டருமாக ஒரே வளைவு இரு முகம் காட்டுகிறது. இதனைச் செய்து பார்த்த மாணவருக்குப் பூமி உருண்டை என்பது கேட்டறிந்த செய்தியாக இராது.

முட்டை ஓடும் கடலைப் பொட்டலமும்

வளைந்த பரப்பைக் கிழியாமல், நீட்டாமல், மடிக்காமல் தட்டையாக்க இயலாது. கார்ல் ஃபிரெடெரிக் காஸ் என்னும் ஜெர்மானியக் கணித அறிஞர் 1827இல் வெளியிட்ட தேற்றத்திலிருந்து இது ஐயமின்றிப் பெறப்படும். உயர் கணிதம் பயிலாத பதினோராம் வகுப்பு மாணவருக்கு அத்தேற்றத்தை விளக்க முற்படுவது வீண். நாமக்கல் மாவட்டத்தில் முட்டைக்குப் பஞ்சமில்லை. அவித்த முட்டை ஒன்றின் ஓட்டைப் பெருந்துண்டாக உரித்து மேசையில் வைத்து, விரலால் அழுத்தித் தட்டையாக்கச் சொன்னால் போதும். ஓடு வெடிக்கும். சிறு துண்டை அழுத்தினால் வெடிப்பு மிகக் குறைவு. பெருந்துண்டை அழுத்தினால் மிகுதி. வயலுக்குப் புலப்படம் ஏன் போதுமானது, கண்டத்துக்கு ஏன் போதாது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைப்பது கடினம்.

இவ்விடத்தில் சொல் பற்றிய குறிப்பு ஒன்று பொருந்தும். ‘கோட்டுச்சட்டம்’ என்னும் கலைச்சொல், வரைந்து முடிந்த கட்டத்தையே சுட்டுகிறது. அக்கட்டம் எவ்வாறு தோன்றியது என்பதைச் சொல்வதில்லை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘எறியம்’ என்னும் சொல்லை ஆள்கின்றன. ஒளியை எறிந்து நிழலைப் பெறும் செயல் அச்சொல்லில் வெளிப்படையாக நிற்கிறது. தமிழகத்து மாணவர் தேர்வில் கோட்டுச்சட்டம் என்றே எழுதட்டும். ஆயினும், முதல்நாள் வகுப்பில் ‘எறியம்’ என்னும் சொல்லை ஆசிரியர் ஒருமுறை பலகையில் எழுதுவது பாதி விளக்கத்தைத் தந்துவிடும்.

மீதிப் பாதிக்கு, ஒளி ஊடுருவும் பந்து ஒன்றும் கைப்பேசி விளக்கும் வேண்டும். பந்தின் மேல் மையினால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இட்டு, உள்ளே விளக்கை வைத்து, வெளியே தாளைச் சுற்றினால் கோடுகளின் நிழல் தாளில் விழும். தாளைக் குழாயாகச் சுற்றினால் உருளை. கடலை விற்பவர் மடிக்கும் பொட்டலம்போல் சுற்றினால் கூம்பு. மடிக்காமல் மேலே வைத்தால் உச்சி வகை. தாள் பந்தைத் தொடும் இடத்தில் நிழல் உண்மைக்கு நெருக்கமாக உள்ளது. விலக விலகப் பெருகுகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளுக்கு உருளை ஏற்றது, இந்தியா போல் கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் பரந்த இடைநிலை நாட்டுக்குக் கூம்பு ஏற்றது, துருவங்களுக்கு உச்சி வகை ஏற்றது என்னும் விதிகளை அதன்பின் எவரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நடைமுறையில் உள்ள கோட்டுச்சட்டங்களுள் பல வெறும் நிழலால் அமைந்தவை அல்ல, கணிதச் சமன்பாடுகளால் திருத்தப்பட்டவை என்பதையும் ஆசிரியர் மறவாமல் சொல்ல வேண்டும். மெர்க்கேட்டரின் படமே அத்தகையதுதான்.

மெர்க்கேட்டர் மீது வீண்பழி

உலக வரைபடம் பற்றிப் பேசும் எவரும் இன்று மெர்க்கேட்டரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல் விடுவதில்லை. ஏறத்தாழ 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிரீன்லாந்து, அதனைப் போல் 14 மடங்கு பெரிய ஆப்பிரிக்காவுக்கு இணையாக அப்படத்தில் தோன்றுகிறது. 32.87 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தியா, கிரீன்லாந்தைவிட ஒன்றரை மடங்கு பெரியதாயினும் படத்தில் அதன் அருகே சிறுத்துக் காண்கிறது. வடக்கு நாடுகளைப் பெரிதாக்கிக் காட்டும் ஆதிக்கச் சூழ்ச்சி இது என்று சிலர் எழுதுகின்றனர். 1973இல் ஆர்னோ பீட்டர்ஸ் என்னும் ஜெர்மானியர் பரப்பைச் சரியாகக் காட்டும் படம் ஒன்றை மாற்றாக முன்வைத்தார். அதே அமைப்பை ஜேம்ஸ் கால் என்பவர் 1855லேயே அறிவித்திருந்தார். 2017இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர அரசுப் பள்ளிகள் அப்படத்தை வகுப்பறைகளில் இடம்பெறச் செய்தன.

இவ்வழக்கில் நியாயம் உண்டு. முழு நியாயம் இல்லை. 1569இல் மெர்க்கேட்டர் தம் படத்தை மாலுமிகளுக்காக வரைந்தார். திசைகாட்டியின் முள்ளை ஒரே கோணத்தில் வைத்துச் செல்லும் கப்பலின் பாதை அப்படத்தில் நேர்கோடாக விழும். அதற்கு விலையாகப் பரப்பை அவர் விட்டுக்கொடுத்தார். 60ஆம் பாகையில் நீளம் இருமடங்காகவும் பரப்பு நான்கு மடங்காகவும் பெருகுவது அந்த விலையே. கடற்பயணத்துக்காக வரைந்த படத்தை வகுப்பறைச் சுவரில் மாட்டி, நாடுகளின் பருமனை ஒப்பிடச் சொன்னவர் மெர்க்கேட்டர் அல்லர். பீட்டர்ஸின் படமும் பரப்பைக் காப்பதற்கு விலை கொடுத்திருக்கிறது. அதில் ஆப்பிரிக்கா பிழிந்து தொங்கவிட்ட துணிபோல் நீள்கிறது. 2018இல் வந்த ‘ஈக்வல் எர்த்’ என்னும் படம் பரப்பையும் காத்து வடிவத்தையும் ஓரளவு காக்கிறது. சுவரில் மாட்டுவதற்கு இம்மூன்றனுள் அதுவே தக்கது. ஆனால், அதனைக் கொண்டு கப்பல் செலுத்த முற்படுபவர் வழி தவறுவார்.

கைப்பேசியில் விரியும் வரைபடங்கள் பெரும்பாலும் மெர்க்கேட்டர் முறையின் ஒரு வடிவத்தையே இன்றும் பின்பற்றுகின்றன. சேலம் ஐந்து ரோடு சந்திப்பைப் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு இதன் காரணம் விளங்கும். ஐந்து சாலைகளும் தரையில் எந்தெந்தக் கோணத்தில் பிரிகின்றனவோ, ஏறத்தாழ அதே கோணத்தில் திரையிலும் பிரிகின்றன. இடப்பக்கம் திரும்பு என்று கருவி சொல்லும் இடத்தில் சாலையும் இடப்பக்கமே திரும்ப வேண்டுமல்லவா! பரப்பைக் காக்கும் படமாக இருந்தால் வட நாடுகளில் அச்சந்திப்பு நசுங்கித் தோன்றும். தெருவில் நிற்பவருக்குக் கோணம் வேண்டும். கண்டங்களை ஒப்பிடுபவருக்குப் பரப்பு வேண்டும். ஒரு படத்தைப் பொய் என்று தள்ளி மற்றொன்றை மெய் என்று கொண்டாடும் பழக்கத்தை மாணவருக்குக் கற்பிப்பது, பழைய மனப்பாடத்துக்குப் பதிலாகப் புதிய மனப்பாடத்தைத் தருவதேயாகும்.

அரபிக்கடலில் விழுந்த வயல்

மீண்டும் 78ஆம் பாகைக்கு வருவது தகும். இந்திய நில அளவைத் துறையின் தலப்படங்களில் இக்கோடு ஒரு தாளின் விளிம்பு. சங்ககிரி 58 இ வரிசையில் அமைந்துள்ளது. சேலமும் நாமக்கல்லும் 58 ஐ வரிசையில் உள்ளன. 1:50,000 அளவையில் அமைந்த ஒவ்வொரு தாளும் கால் பாகைக்குக் கால் பாகை நிலத்தைக் காட்டும். சேலம் நகரம் அடங்கிய தாளின் அடிவிளிம்பு 11 பாகை 30 கலையிலும் மேல்விளிம்பு 11 பாகை 45 கலையிலும் உள்ளன. வடக்கே செல்லச் செல்லத் தீர்க்கக்கோடுகள் நெருங்குவதால் மேல்விளிம்பு அடிவிளிம்பைவிடத் தரையில் ஏறத்தாழ 24 மீட்டர் குறைவு. தாளில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். கூர்மையான பென்சில் முனையின் தடிப்பு! மழைக்காலத்தில் தாள் ஈரம் ஏற்று உப்பினால் இந்த வேறுபாடு அதில் மறைந்தே போகும். ஆயினும் அது தாளில் வரையப்பட்டிருக்கிறது. அதே ஒரு பாகைத் தீர்க்கத்தின் அகலம் இப்பகுதியில் 109 கிலோமீட்டர், குமரியில் 110, ஸ்ரீநகரில் 92. அரை மில்லிமீட்டர் அத்தனை தொலைவில் எவ்வளவாக வளர்கிறது என்பதை மாணவர் கண்டுகொள்வர்.

தேசிய வரைபடக் கொள்கை 2005இல் அறிவிக்கப்பட்ட பின், பொதுமக்களுக்கான தலப்படங்கள் ‘யூ.டி.எம்.’ எனச் சுருங்க வழங்கும் குறுக்கு மெர்க்கேட்டர் முறைக்கு மாறின. இம்முறையில் உலகம் 6 பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. 72 முதல் 78 பாகைவரை 43ஆம் மண்டலம். 78 முதல் 84 பாகைவரை 44ஆம் மண்டலம். ஆகவே, திருச்செங்கோடு ஒரு மண்டலத்திலும் அதற்கு மிக அண்மையிலுள்ள இராசிபுரம் மற்றொரு மண்டலத்திலும் விழுகின்றன. ஒவ்வொரு மண்டலத்திலும் நடுக்கோடு 5,00,000 மீட்டர் எனக் கொள்ளப்பட்டு, அதிலிருந்து கிழக்கும் மேற்கும் தூரம் எண்ணப்படுகிறது. 78ஆம் பாகையும் 11 பாகை 30 கலையும் வெட்டும் புள்ளி, சங்ககிரிக்கும் சேலத்துக்கும் இடைப்பட்ட சமவெளியில் உள்ளது. அப்புள்ளியின் கிழக்குத் தொலைவு 43ஆம் மண்டலத்தில் ஏறத்தாழ 8,27,300 மீட்டர். 44ஆம் மண்டலத்தில் ஏறத்தாழ 1,72,700 மீட்டர். ஒரே மண்ணுக்கு இரண்டு எண்கள்.

இதனால் விளைவது என்ன? திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களிலும் உழைப்பதை நாடறியும். இன்று கிணற்றின் இடம் எண்களாகவே குறிக்கப்பட்டுக் கருவியிலிருந்து கருவிக்குச் செல்கிறது. அக்கோட்டுக்குச் சற்றே கிழக்கிலுள்ள ஒரு தோட்டத்தின் எண்ணை எழுதிய ஒருவர், மண்டலம் 44 என்பதைச் சேர்க்க மறந்துவிட்டதாகக் கொள்ளலாம். பெறுபவரின் கருவி 43ஆம் மண்டலத்தில் அமைந்திருந்தால் அத்தோட்டம் 650 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே நகர்ந்து, இலட்சத்தீவின் பித்ரா தீவுக்கு அருகே அரபிக்கடலில் விழும். கோட்டுக்குச் சற்றே மேற்கிலுள்ள தோட்டத்துக்கு எதிர்மாறான பிழை நேர்ந்தால் அது வங்கக்கடலில் மிதக்கும். கடலில் விழுந்த பிழை எளிதில் கண்ணுக்குப் படும், நகைத்துவிட்டுத் திருத்திவிடலாம். பழைய எவரெஸ்ட் கணக்கில் குறித்த எண்ணை இன்றைய செயற்கைக்கோள் கணக்கில் அப்படியே இட்டால் நேரும் பிழை அவ்வாறானதன்று. இடம் நூறு மீட்டருக்கு மேலும் விலகலாம். கிணறு அண்டை வீட்டுக்காரரின் காட்டுக்குள் போய் நிற்கும். அது நம்பத்தக்க தோற்றமுடைய பிழை; வழக்குமன்றம் வரை செல்லக்கூடியது.

பரப்பிலும் இத்தகைய இடர் உண்டு. கைப்பேசிப் படங்கள் பின்பற்றும் மெர்க்கேட்டர் தளத்தில் ஒரு வயலின் மூலைகளைக் குறித்து, அத்தளத்தின் அளவுகளையே உண்மை அளவுகளாகக் கொண்டு பரப்பைக் கணித்தால், சேலத்தில் 100 சென்ட் நிலம் 104 சென்ட்டுக்கு மேலாகக் காட்டும். காஷ்மீரில் இப்பிழை நூற்றுக்கு நாற்பதையும் தாண்டும். நல்ல மென்பொருள்கள் வளைவைக் கணக்கில் கொண்டு இதனைத் திருத்திவிடுகின்றன. திருத்தும் கருவி எது, திருத்தாதது எது என்று கேட்கத் தெரிந்தவரே அதனை நம்பலாம். யூ.டி.எம். கட்டத்தில் பிழை மிகச் சிறிது. ஆயினும் 78ஆம் பாகை இரு மண்டலங்களின் நடுக்கோடுகளுக்கும் மிகத் தொலைவில் உள்ளதால், தரையிலுள்ள ஒரு கிலோமீட்டர் இங்கே கட்டத்தில் ஏறத்தாழ 92 சென்டிமீட்டர் கூடுதலாகத் தோன்றும். நடுக்கோட்டை ஒட்டிய மங்களூரிலோ அது 40 சென்டிமீட்டர் குறையும். இரு மண்டலங்களின் ஓரத்தில் வாழும் பேறு இவ்வூர்களுக்கு வாய்த்திருக்கிறது!

வகுப்பறைக்கு உரியது

கவராயம் கொண்டு கட்டம் வரையும் பயிற்சியைக் கைவிட வேண்டும் என்பார் உளர். கணினி நொடியில் வரைவதை மாணவர் மணிக்கணக்கில் வரைவது எதற்கு என்று அவர்கள் கேட்கின்றனர். அவ்வாதம் முழுமையாக ஏற்கத்தக்கதன்று. கூம்புக் கோட்டுச்சட்டம் ஒன்றைத் தம் கையால் வரைந்தவர், அட்சக்கோடுகள் ஏன் வில்லாக வளைகின்றன என்பதை விரல்களால் அறிகிறார். அந்த ஒன்று நிற்கட்டும். ஐந்தாறு வகைகளின் நிறைகுறைப் பட்டியல்களை ஒப்பிக்கச் சொல்வதை விட்டுவிடலாம். அதற்குச் செலவாகும் காலத்தில், ஒரே இந்தியாவை மூன்று கோட்டுச்சட்டங்களில் அச்சிட்டு, ஒளி ஊடுருவும் தாளில் நகலெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கச் செய்யலாம். தமிழகத்தின் பாகம் ஏறத்தாழப் பொருந்த, காஷ்மீரத்தின் தலை மூன்று இடங்களில் நிற்பது தெரியும்.

ஆசிரியர்களுக்கு நேரமில்லை, பாடப்பகுதி பெரிது, உயர் கணிதம் பயிலாத மாணவரே புவியியல் வகுப்பில் மிகுதி என்னும் முறையீடுகள் மெய்யானவை. அவற்றை எளிதாகத் தள்ளிவிட முடியாது. எனினும், முட்டை ஓட்டுக்கும் கடலைப் பொட்டலத்துக்கும் கணிதம் தேவையில்லை. 13 சென்டிமீட்டரையும் 196 மீட்டரையும் கண்டறியப் பெருக்கலும் வகுத்தலும் போதும். மாற வேண்டியது வினாத்தாளின் போக்கே. ‘மெர்க்கேட்டர் கோட்டுச்சட்டத்தின் பண்புகள் யாவை?’ என்னும் வினாவுக்கு நூலில் விடை உண்டு. ‘நாமக்கல் மாவட்டத்தின் கோழிப்பண்ணைகள் எத்தனை ஏக்கரில் பரவியுள்ளன என்று காட்டும் படத்துக்கு எவ்வகைக் கோட்டுச்சட்டம் வேண்டும்? அப்படம் எதனை விட்டுக்கொடுக்கும்?’ என்னும் வினாவுக்கு மாணவரிடமிருந்தே விடை வர வேண்டும். எழுதும் விடைகள் ஒன்றுபோல் இரா. திருத்துவோருக்கு அது கூடுதல் சுமை, அச்சுமை ஏற்கத்தக்கதே.

இவ்வகுப்புக்கு இன்னொரு பொருளும் வேண்டும்: ஒரு சாதாரண உலக உருண்டையும் ஒரு முழ நூலும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் குழு ஒன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வடதுருவத்தின் மேலாக விமானத்தைச் செலுத்தி வந்தது. சுவர்ப்படத்தில் அவ்விரு நகரங்களையும் அளவுகோலால் இணைத்தால் கோடு அமெரிக்காவையும் அட்லாண்டிக்கையும் சகாராவையும் அரபிக்கடலையும் கடந்து வருகிறது. அக்கோட்டில் பனியே இல்லை. ஆசிரியர் எதுவும் விளக்காமல் உருண்டையை மாணவர் கையில் தந்து, நூலின் ஒரு முனையைச் சான் பிரான்சிஸ்கோவிலும் மறுமுனையைப் பெங்களூரிலும் வைத்து இறுக்கி இழுக்கச் சொல்லலாம். நூல் சுவர்ப்படத்தின் கோட்டில் நிற்காது. விரல்களுக்கடியில் வழுக்கி, மேலேறி, ஆர்க்டிக்கின் வெண்பரப்பில் போய்ப் படியும்.